கேதீஸ்வரி போட்ட ஐந்து நட்சத்திரம்

மீசாலைச் சந்தியில் பதினெட்டு வருடமாக ஆட்டோ ஓடுகிறேன். மனிதரையும் ஏற்றியிருக்கிறேன், ஆடுகளையும் ஏற்றியிருக்கிறேன். இறங்கும்போது வாடகை கூடிப்போச்சென்று ஆடுகள் வாய் காட்டுவதில்லை. அதனால் எனக்கு ஆடுகள்மேல் ஒரு மரியாதை உண்டு. மனிதரைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. அது இந்தக் கதையில் தெரிந்துவிடும்.

கேதீஸ்வரி என் வீட்டுக்கு நாலாவது வீட்டுப் படலை. நாற்பத்தாறு வயது. கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று விசாரிக்க ஊரில் போதிய ஆட்கள் இருக்கிறார்கள், நான் அந்த உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. நாலு பரப்பு வளவில் கொட்டில் போட்டு இருபது இருபத்தைந்து ஜமுனாபாரி ஆடுகள் வளர்க்கிறாள். விடிய எழும்பி ஆடுகளுக்குத் தின்னக் குழை வெட்டுவாள், கொட்டில் கூட்டுவாள், பால் கறப்பாள். அவளுடைய ஆடுகளை ஏற்றிப் போய் இறக்குவது நான்தான். அதனால் இந்தக் கதையில் நான் பார்க்காதது கொஞ்சம்தான்.

அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. உண்மை சொல்லும் வியாதி. ஆடு வாங்க வருகிறவரிடம் முதலில் குற்றத்தைத்தான் சொல்லுவாள். இடது காம்பு சின்னன், கறக்க நேரமெடுக்கும். இது கிட்டப் போனால் முட்டும். அதுக்குப் போன மாரியில் கால் நொந்தது, இப்ப சரி, ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. வாங்க வந்தவர் அவளைச் சமாதானப்படுத்தி, பரவாயில்லைப் பிள்ளை, நல்ல ஆடுதான் என்று சொல்லி வாங்கிப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

விற்கிறதுக்கு முதல் ஒரு நாள் பால் கறக்காமல் விட்டால் மடி விம்மிக்கொண்டு நிற்கும். உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் காட்டினால் மெலிந்த ஆடும் வயிறு நிரம்பித் தெரியும். இவை ஆட்டு வியாபாரத்தின் ஆனா ஆவன்னா. கேதீஸ்வரி இந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. வாங்குகிறவரின் முன்னால் குந்தியிருந்து கறந்து காட்டித்தான் ஆட்டை அவிழ்ப்பாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர் சாவகச்சேரி ஆட்டு வியாபாரி கதிரவேலு. அறுபது வயது, நெற்றியில் மூன்று குறி, சேர்ட் பையில் எப்போதும் இரண்டு போன். பல வருடமாகக் கேதீஸ்வரியின் ஆடுகளை வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலில் ஒருவன் வந்து முப்பத்திரண்டாயிரம் என்பான். அடுத்தவன் வந்து ஆட்டைச் சுற்றிப் பார்த்து முப்பது என்பான். மூன்றாவதாகக் கதிரவேலு வந்து, பாவம் பொம்பிளைப் பிள்ளை, நான் முப்பத்திமூன்று தருகிறேன் என்பார். மூன்று பேரும் ஒரே வாகனத்தில் வந்து சந்தியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் தனித்தனியாக நடந்து போவார்கள். இதைக் கேதீஸ்வரியிடம் நான் சொன்னபோது, தெரியும் அண்ணை, வேறை ஆருக்குக் குடுக்கிறது, என்றாள்.

போன வருடம் தைப்பொங்கலுக்கு வந்த தமையன் மகள் சாருஜா அவளுடைய போனில் 'கூறுவிலை' என்றொரு செயலியை ஏற்றிவிட்டாள். அது போனிலேயே ஏலம் கூறுகிற சந்தை. படத்தைப் போட்டு விபரத்தை எழுதி நாள் குறித்தால் ஆர் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். ஆகக் கூடிய விலை கேட்டவர் வந்து காசைக் கொடுத்து ஆட்டைக் கொண்டு போவார். கேதீஸ்வரி முதலாவது ஆட்டைப் போட்டாள். குற்றங்குறையோடுதான் எழுதினாள். முப்பத்திமூன்று என்று கதிரவேலு வாங்குகிற ஆடு அறுபத்திரண்டாயிரத்துக்குப் போனது. அன்றைக்கு அவள் என்னிடம் வாடகை பேசவில்லை, சந்தியில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இனித்தான் நட்சத்திரம் வருகிறது.

வியாபாரம் முடிந்தாலும் முறிந்தாலும் வாங்கியவர் விற்றவருக்கும், விற்றவர் வாங்கியவருக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போட வேண்டும். அதோடு விரும்பினதை எழுதலாம். வாங்கினாலும் விற்றாலும் ஒருவருக்கு ஒரே பக்கம்தான், எல்லா நட்சத்திரமும் அந்தப் பக்கத்தில் கிடக்கும், உலகம் முழுக்கப் பார்க்கும். சராசரி மூன்றரைக்குக் கீழே இறங்கினால் பதினான்கு நாள் தவணை. அதற்குள் ஏறாவிட்டால் கணக்கு மூடப்படும். ஏறிவிட்டு இரண்டாம் முறை இறங்கினால் தவணையும் இல்லை. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து இந்தச் சட்டத்தை எழுதிய பெரிய மூளைகளுக்கு எங்கள் தென்மராட்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாலாடு வைத்திருக்கிறவர் பாலைப் பற்றி வாய் திறக்க மாட்டார் என்பது தெரியாது.

எங்கள் பக்கத்தில் மூன்று போத்தல் கறக்கிற ஆட்டை, ஏதோ ஒரு போத்தல் தருகுது என்றுதான் சொல்லுவார்கள். நல்ல ஆடு என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும். பால் வற்றும், குட்டி சாகும், ஆடு மேய்ச்சலை விட்டுப் படுத்துவிடும். அதற்காகத்தான் கொட்டிலில் பழைய செருப்பைக் கட்டுகிறார்கள். பால் கொண்டு போகும்போது செம்பை மூடிக்கொண்டு போகிறார்கள். அப்படிப்பட்ட சனத்திடம், உன் ஆடு எவ்வளவு நல்லது என்று ஊருலகம் முழுக்கப் பார்க்க எழுது என்றால் என்ன எழுதும்?

சரசாலை இரத்தினம்மா மூன்று போட்டா. "பரவாயில்லை" என்று எழுதினா. கைதடியில் ஒருவர் மூன்று போட்டு, "ஏதோ இருக்கிறது" என்றார். கொடிகாமத்தில் ஓய்வுபெற்ற உப அதிபர் அருட்செல்வன் மூன்று போட்டு அரைப்பக்கம் எழுதினார். கொஞ்சம் துணிந்தவர்கள் நாலு வரை போனார்கள். ஒன்பது பேரில் ஒரே ஒரு ஆள் ஐந்து போட்டான். குருநகர் டினேஸ். அவன் ஞானஸ்நான வீட்டுக்குக் கிடாய் வாங்கி வெட்டிச் சாப்பிட்டவன். செத்த ஆட்டுக்கு நாவூறு இல்லை. ஆடு எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு நட்சத்திரம் குறைந்தது. கேதீஸ்வரி மூன்றரையை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

கதிரவேலு? அவரும் செயலியில் ஏறிவிட்டார். அவருக்கு நாலு தசம் ஒன்பது. இருநூற்றுச் சொச்சம் பேர் போட்டது. தங்கப் பட்டம் வேறு கிடைத்திருந்தது. தங்கப் பட்டக்காரரின் ஆடுகள்தான் செயலியைத் திறந்ததும் முதலில் வரும்.

அவருடைய முறை சுலபமானது. ஆட்டை ஏற்றிவிட்ட கையோடு வாங்கியவருக்கு ஐந்து போடுவார். போட்டுவிட்டு போன் எடுப்பார். "நான் உங்களுக்கு ஐஞ்சு போட்டிட்டன். நீங்களும் போட்டுவிடுங்கோ." மறுநாள் பால் வற்றி, வாங்கியவர் முறைப்பாடு சொன்னால், "சரி, அப்ப நானும் என்ரையை மாத்திறன்" என்பார். ஒற்றை நட்சத்திரம் விழுந்த ஆள் அடுத்த ஏலத்தில் விலை கேட்பதற்கு முதலே பாதிக் காசு கட்ட வேண்டும். அது ஆருக்கு வேண்டும்? ஏமாந்ததோடு சேர்த்து அவமானமும் வேண்டாமென்று எல்லாரும் ஐந்தைப் போட்டுவிட்டுப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். இருநூறு பேரின் பயத்தைக் கூட்டிப் பிரித்து நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறது அந்தச் செயலி.

ஆவணி மாதம் கேதீஸ்வரி இரண்டு தரம் குட்டி போட்ட மறி ஒன்றை ஏலத்தில் போட்டாள். கூடக் கேட்டவர் கதிரவேலு. எழுபத்தோராயிரம். ஆட்டை எடுக்க வந்தபோது நானும் படலையில் நின்றேன். அவர் ஆட்டின் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தையாயிரம் தாறன் பிள்ளை."

"எழுபத்தொண்டு கேட்டது நீங்கள்தானே?"

"கேக்கிறது வேறை, குடுக்கிறது வேறை. உனக்குத் தெரியாதே?"

"தெரியாது. காசைத் தந்தால் ஆட்டைக் கொண்டு போங்கோ. இல்லாட்டில் விடுங்கோ."

அவர் விட்டார். அவருடைய வாகனம் சந்தி திரும்ப முதலே கேதீஸ்வரியின் போன் சத்தம் போட்டது. ஒற்றை நட்சத்திரம். "சொன்ன ஆடு வேறு, காட்டிய ஆடு வேறு. கவனம்." கேதீஸ்வரி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அவருக்கு ஒன்று போட்டு, நடந்ததை நாலு வரியில் எழுதினாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தச் செயலியில் எழுதப்பட்ட நாலு உண்மை வரி அதுவாகத்தான் இருக்கும்.

அவளுடைய சராசரி மூன்று தசம் மூன்றுக்கு இறங்கியது. பதினான்கு நாள் என்று அறிவித்தல் வந்தது. நிறுவனத்துக்கு எழுதினாள். "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியமானது" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடியும் அதே முக்கியம் வந்தது. சாருஜா, மாமி, அது ஆள் இல்லை, மிசின், என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

"கணக்குப் போனால் என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன்.

"கதிரவேலுவுக்குத்தான் அண்ணை. அவர் சொன்ன விலைக்கு. அதுக்குத்தானே ஒண்டைப் போட்டவர்."

போட்ட நட்சத்திரத்தைப் போட்டவர் மாற்றலாம் என்று சாருஜா சொன்னாள். சரி, வாங்கியவர்களிடம் போய்க் கேட்போம் என்று ஆட்டோவை எடுத்தேன்.

முதலில் சரசாலை. இரத்தினம்மா எங்களைக் கண்டதும் கதிரை போட்டு, ஆட்டுப்பாலில் தேத்தண்ணி போட்டுத் தந்தா. தடித்த பால். அந்த ஆடு வந்த பிறகுதான் பேரப்பிள்ளைகள் சதை வைத்ததாகக் காதுக்குள் சொன்னா. காதுக்குள் ஏனென்றால் ஆடு பக்கத்தில் நின்றது.

"அப்ப ஏனக்கா மூண்டு போட்டனியள்?" என்று கேதீஸ்வரி கேட்டாள்.

"பிள்ளை, அஞ்சு வெள்ளியைப் போட்டு ஊருக்குக் காட்டச் சொல்லுறியோ? பாக்கிற சனமெல்லாம் என்ன சொல்லும்? எட, சரசாலையிலை ஒருத்தியிட்டை இப்பிடியொரு ஆடு நிக்குதாம் எண்டு சொல்லும். பிறகு அது நிக்குமே?"

"என்ரை கணக்கை மூடப் போறாங்கள் அக்கா."

இரத்தினம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயிலில் வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுகிறேன், அந்தக் கொழும்புக்காரனை இங்கே கூட்டிவா, முகத்துக்கு நேரே சொல்கிறேன், ஐந்தை மட்டும் கேட்காதே என்றா. போகும்போது ஒரு பலாப்பழத்தை ஆட்டோவில் ஏற்றிவிட்டா. பலாப்பழத்துக்குச் சராசரி கிடையாது.

கொடிகாமத்தில் அருட்செல்வன் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தான் எழுதிய அரைப்பக்கத்தின் முடிவை எங்களுக்கே வாசித்துக் காட்டினார். "நேர்மையான விற்பனையாளர். மீண்டும் வாங்குவேன். பிறருக்கும் சிபாரிசு செய்வேன்." கீழே மூன்று நட்சத்திரம்.

"முப்பத்தாறு வருசச் சேவையிலை நான் ஒருதருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை," என்றார். "ஐந்தெண்டால் குறையே இல்லை எண்டு பொருள். அந்த ஆட்டின்ரை வலக்காதிலை ஒரு மறு இருக்கு."

"அது நான்தானே உங்களுக்குச் சொன்னது," என்றாள் கேதீஸ்வரி.

"ஓம். அதுக்குத்தான் நேர்மையெண்டு எழுதியிருக்கிறன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிதனின் மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்து முறித்திருப்பேன். திரும்பி வரும்போது, பார்த்தியோ இந்தப் பெரிய மனிசரை, என்று திட்டத் தொடங்கினேன். கேதீஸ்வரி, அவர் சொல்லுறதும் சரிதானே அண்ணை, காதிலை மறு இருக்குத்தானே, என்றாள். உள்ளதைச் சொல்கிற ஆளுக்கு வக்காலத்து வாங்குவது எவ்வளவு கஷ்டமென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

டினேசை விட்டால் மற்ற எட்டுப் பேரில் ஒருத்தரும் மாற்றவில்லை. எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். எல்லாரும் தேத்தண்ணி தந்தார்கள்.

சாருஜா இன்னொரு வழி சொன்னாள். வைபரில் விற்பனையாளர்களின் குழு ஒன்று இருக்கிறதாம். நூறு ரூபாய்க்கு ஒரு பொருளை ஏலம் போட்டு ஒருவருக்கொருவர் வாங்கினதாகக் காட்டி ஐந்து போட்டுக்கொள்வார்களாம். "காணாத ஆட்டுக்கு நான் எப்பிடியடி ஐஞ்சு போடுறது?" என்று கேதீஸ்வரி கேட்டாள். ஆடே இல்லை மாமி, சும்மா, என்றாள் அவள். அது இன்னும் மோசம் என்று சொல்லி இவள் குழை வெட்டப் போய்விட்டாள்.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் கதிரவேலு வந்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். படலையில் நின்று, கணக்கு மூடப் போகினமாம் எண்டு கேள்விப்பட்டன் பிள்ளை, சரியான கவலை, என்றார். கவலையின் காரணம் மெதுவாக வெளியே வந்தது. கேதீஸ்வரி போட்ட ஒற்றை நட்சத்திரத்தால் அவருடைய தங்கப் பட்டம் பறிபோயிருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒற்றை ஒன்று விழுந்தால் பட்டம் இல்லையாம். அவருடைய ஆடுகள் செயலியில் நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டன. இருநூறு பேரை வாய் பொத்தப் பண்ணியவரை இவளுடைய நாலு வரி அங்கே தள்ளியிருந்தது.

"ஒண்டு போட்டதை ரெண்டு பேரும் இணங்கினால்தான் மாத்தலாமாம்," என்றார். "நான் உனக்கு ஐஞ்சு. நீ எனக்கு ஐஞ்சு. உன்ரை கணக்கும் தப்பும், என்ரை பட்டமும் வரும். இதிலை ஆருக்கு நட்டம்?"

கேதீஸ்வரி என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஊரில் எல்லாரையும் இளக்காரம் பேசுகிற எனக்கு அன்றைக்குப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. "போட்டு விடு பிள்ளை," என்றேன். "ஊர் முழுக்கப் பொய்யாத்தான் போடுது. நீ ஒண்டு போட்டால் என்ன குடி முழுகும்? போட்டிட்டு உன்ரை ஆட்டைப் பார்." நான்தான் சொன்னேன். அருட்செல்வன் மாஸ்டரின் மேசையில் முறிக்க நினைத்த பேனையை என் தலையில் குத்தியிருக்கலாம்.

அவள் போனை எடுத்தாள். ஐந்தை அழுத்தியதும் ஏதாவது ஒரு சொல்லைத் தெரிவு செய்யும்படி கேட்டது. முதலாவதாக இருந்தது 'நம்பிக்கையானவர்'. அதை அழுத்தினாள். அவளுடைய நாலு வரியும் அழிந்தது. சராசரி மூன்று தசம் ஏழுக்கு ஏறியது. கதிரவேலு நன்றி சொல்லிப் போனார். அன்றைக்கு அவள் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு நீர்வேலியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பெயர் ஆரபி. பதினொரு மாதக் குழந்தைக்குப் பசுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டுப்பால் மட்டும்தான் வயிற்றில் தங்குகிறது என்று கதிரவேலுவிடம் மறி ஒன்று வாங்கியிருக்கிறாள். புருசன் தோட்டத்தில் கூலி. சங்கிலியை அடகு வைத்து வாங்கிய ஆடு. வந்த அன்றைக்கு இரண்டு போத்தல் பால். அடுத்த நாள் அரைக் குவளை. பிறகு அதுவும் இல்லை.

"அவரிட்டைக் கதையுங்கோ," என்றாள் கேதீஸ்வரி.

"கதைச்சனான் அக்கா. எனக்கு ஒண்டு போடுவன் எண்டு வெருட்டுறார். நான் அவரை நம்பி வாங்கேல்லை. உங்களைத்தான் நம்பினனான். எங்கடை மாமி கைதடியிலை, உங்களிட்டை ஆடு வாங்கினவ. கேதீஸ்வரி செத்தாலும் பொய் சொல்லாது எண்டு அவதான் சொன்னவ. கதிரவேலு அண்ணையின்ரை பக்கத்திலை உங்கடை பேரும் ஐஞ்சும் கிடந்தது."

இருநூற்றுச் சொச்சம் பொய்யைப் பார்த்து ஏமாறாத ஒருத்தி, கேதீஸ்வரியின் ஒரு பொய்யில் விழுந்துவிட்டாள்.

கேதீஸ்வரி உடனே ஆட்டோவைக் கொண்டு வரச் சொன்னாள். கொட்டிலில் நின்ற ஆடுகளில் ஆக நல்லதை அவிழ்த்தாள். இரண்டு குட்டி போட்டு நாலு மாதமான மறி. கைதடி, கோப்பாய் தாண்டி நீர்வேலி போகும் வரை ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்க்கிற முகம் எனக்கு இருக்கவில்லை. ஆரபியின் வீட்டு வாழைத் தோட்டத்து ஓரத்தில் ஆட்டைக் கட்டி, குந்தியிருந்து கறந்து காட்டினாள். மூன்று போத்தல். பால் வற்றிய ஆட்டை அவிழ்த்து ஆட்டோவில் ஏற்றினாள். ஆரபி மேலதிகமாகக் காசு தர வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு திண்டாட்டம் தொடங்கியது. கதிரவேலுவுக்குப் போட்ட ஐந்தை மாற்றப் போனாள். "இருவரும் இணங்கி மாற்றிய மதிப்பீட்டை மீண்டும் மாற்ற முடியாது" என்று செயலி சொன்னது. பொய்யை உண்மையாக்க விடாத சட்டம் இருக்கிறது, உண்மையைப் பொய்யாக்குவதற்கு மட்டும் தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

கேதீஸ்வரி அப்படியே ஆரபியின் வாசற்படியில் இருந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு போனில் எதையோ தட்டினாள். தான் கொண்டு வந்த ஆட்டைச் செயலியில் ஆரபிக்கு நேரடி விற்பனையாகப் போட்டிருந்தாள், ஒரு ரூபாய்க்கு. அப்படிச் செய்தால்தான் ஆரபியால் இவளுக்கு நட்சத்திரம் போட முடியும்.

"இப்ப எனக்கு ஒண்டு போடு பிள்ளை."

"என்னக்கா விசர்க்கதை கதைக்கிறியள்? நான் ஐஞ்சுதான் போடுவன்."

"ஒண்டு போடு. நான் சொல்லச் சொல்ல எழுது. கதிரவேலுவுக்கு இவ ஐஞ்சு போட்டது பொய். இவவின்ரை பேரைப் பாத்து அவரிட்டை ஆடு வாங்கி ஏமாந்தன். எழுதினியோ?"

"கணக்கு மூடுபடும் பிள்ளை," என்றேன் நான்.

"மூடட்டும் அண்ணை. கதிரவேலுவின்ரை பக்கத்திலை எனக்கு இனி எழுத ஏலாது. என்ரை பக்கத்திலையாவது கிடக்கட்டும். என்ரை பேரைப் பாத்து வாறவை இதையும் பாக்கட்டும்."

ஆரபி அழுதுகொண்டு எழுதினாள். ஒன்றை அழுத்தினாள். சராசரி மூன்றரைக்குக் கீழே ஒரு இம்மி இறங்கியது. இரண்டாம் முறை என்றபடியால் தவணை இல்லை. நாங்கள் கோப்பாய்ச் சந்திக்கு வருமுன்னம் கணக்கு மூடப்பட்டுவிட்டது.

கணக்கு மூடினால் அந்த ஆளின் பக்கமும் மறைந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆரபி எழுதிய வரி அதோடு போய்விட்டது. கேதீஸ்வரியின் பக்கத்தில் கிடந்த பரவாயில்லைகளும், மாஸ்டரின் அரைப்பக்கமும், டினேசின் ஐந்தும் போய்விட்டன. கதிரவேலுவின் பக்கத்தில் இவள் போட்டது மட்டும் போகவில்லை. கணக்கு இல்லாதவர் போட்ட நட்சத்திரமும் செல்லுமாம். சாருஜா நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். அவளுடைய அனுபவமும் அவர்களுக்கு முக்கியமாம்.

பால் வற்றிய ஆட்டைக் கேதீஸ்வரி விற்கவில்லை. இன்னமும் கொட்டிலில் நின்று குழை தின்கிறது. மற்ற ஆடுகளைத் தேடி வருகிறவருக்குக் கொடுக்கிறாள், அவர்கள் சொல்கிற விலைக்கு. கதிரவேலுவும் வந்தார். நான்கூட அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டி வருமென்று நினைத்தேன். படலையைத் திறக்கவில்லை அவள். அவர் சந்தியில் நின்று, எனக்கு ஐஞ்சு போட்ட பிள்ளைக்கு என்னிலை என்ன கோபமோ தெரியேல்லை, என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய பக்கத்தில் பெயரைக் கண்ட ஆட்கள், தெரிந்தவர்களிடம் நம்பர் வாங்கிக் கேதீஸ்வரிக்குப் போன் எடுக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை நான் குழைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தபோது கிளிநொச்சியிலிருந்து ஒருவர் எடுத்தார். கை ஈரமென்று அவள் போனைச் சத்தமாகப் போட்டுக் கட்டையில் வைத்திருந்தாள். அவர் மரியாதையாகத்தான் கதைத்தார்.

"கதிரவேலு அண்ணைக்கு ஐஞ்சு போட்ட கேதீஸ்வரி நீங்கள்தானே? நம்பி வாங்கலாமோ?"

"வாங்காதேங்கோ. நான் போட்டது பொய்."

"பொய் சொல்லுற ஆள் எண்டால், தங்கச்சி," என்றார் அவர், "இப்ப சொல்லுறதை மட்டும் நான் எப்பிடி நம்புறது?"

கேதீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தாள். வாயைத் திறந்தாள். அவர் வைத்துவிட்டார்.